தூண் இறங்கிய இடம்

உட்காருங்கள் சார், ஆளில்லை. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் கண்ணாடியை மூடித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. திறந்தால் மழை என்னைத் தாண்டி உங்கள் சட்டையில்தான் விழும்.

வேலூர் வரைக்குமா? நான் ஆற்காட்டில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் பேச்சுத்துணை.

என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். சொல்லவில்லை, ஆனால் நினைக்கிறீர்கள். திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் இதேதான். பெயர் பரசுராமன். முகம் யாருக்கும் தெரியாது. இங்கிலீஷ் படங்கள் தமிழில் வருகின்றன அல்லவா, அவற்றுக்குக் குரல் கொடுக்கிறவன். போலீஸ் அதிகாரி, பாதிரியார், விண்வெளிக்குப் போய்த் திரும்பாதவர் என்று பல பேருடைய வாய்க்குள் இருந்திருக்கிறேன். ஒரு தடவை கரடி.

குரல் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது சார். ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், எத்தனை வருடம் கழித்தும் யாருடையது என்று சொல்லிவிடுவேன். இப்போது டிக்கெட் கொடுத்தாரே கண்டக்டர், கவனித்தீர்களா? அடித்தொண்டையில் பேசுகிறார். சின்ன வயதில் பாடியிருப்பார், யாரோ நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். இல்லை, வேண்டாம், கோபமாக இருக்கிறார்.

ஆறு பேர் படம் பார்த்தீர்களா? பார்க்கவில்லையா. அது ஒன்றும் குறையில்லை. பார்த்தவர்களுக்கு விளக்குவதைவிடப் பார்க்காதவர்களுக்கு விளக்குவது சுலபம். பார்த்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.

எதற்குக் கேட்கிறேன் என்றால், நான் ஆற்காடு போவதே அந்தப் படத்தால்தான். என் மனைவி வசுமதி அங்கே அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு மாதத்தில் போனில் பேசியது எல்லாம் கேஸ் வந்ததா, பால்காரரிடம் சொன்னீர்களா, அவ்வளவுதான். இன்றைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அழைத்து வரலாம் என்று கிளம்பியிருக்கிறேன். அந்தப் படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒழுங்காகப் புரிந்துகொண்டால் தான் செய்த தவறு என்ன என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதைச் சொல்லி, எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லி, சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேருமாகத் திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு. மாற்றுத் துணிகூட எடுத்து வரவில்லை.

உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுகிறேன். எங்கேயாவது இடறினால் சொல்லுங்கள்.

ஒரு பெரிய கம்பெனி எடுத்த படம். தமிழில் ஏதோ நீளமாகப் பெயர் வைத்தார்கள், எங்களுக்குள் ஆறு பேர் படம் என்றுதான் சொல்வோம். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு சக்தி. ஒளியன் என்று ஒருத்தன், அவன்தான் தலைவன், உள்ளங்கையிலிருந்து வெளிச்சம் வரும். நிழலி என்று ஒரு பெண், கதவிடுக்கில் நிழலாக நுழைந்துவிடுவாள். இரட்டையர் இரண்டு பேர், ஒருத்தன் நினைத்தால் மற்றவன் செய்வான். செவியர் என்று ஒரு பெரியவர். நாளைக்குக் கேட்கப்போகிற சத்தம் அவருக்கு இன்றைக்கே கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாது. ஆறாவது ஆள் தூண். அவன்தான் நான்.

தூணுக்கு என்ன சக்தி? அவனை யாரும் அசைக்க முடியாது. அவ்வளவுதான். பறக்க மாட்டான், எதையும் தூக்கி எறிய மாட்டான். ஓரிடத்தில் நின்றான் என்றால் நின்றதுதான். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் வில்லன் யார் என்று பார்க்க வேண்டும். அவன் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுப்பவன். துறைமுகத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினால் கார், லாரி, மாடி வீடு எல்லாம் தரையோடு சரிந்து அவனை நோக்கிப் போகும். எல்லாவற்றையும் இழுக்கிறவனுக்கு எதிரி யாராக இருக்க முடியும்? வெளிச்சம் விடுகிறவனா? யோசித்துப் பாருங்கள்.

இத்தனை நாயகர்கள் இருக்கிற படத்தில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தலைவலி உண்டு. ஆளுக்கொரு அறிமுகம் வேண்டும், ஆளுக்கொரு சண்டை வேண்டும், ஆளுக்கு ஒரு சொட்டாவது கண்ணீர் வேண்டும். கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்கிறவன் பாடு. கடைசி இலைக்கு வரும்போது கூடையில் நொறுங்கினதுதான் இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்? யாருக்கு நிறைய அப்பளம் விழுந்ததோ அவன்தான் மாப்பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. அளவைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஆளாகக் கதையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் கதை நின்றால் அந்த ஆள் வெறும் அலங்காரம். விழுந்துவிட்டால் அந்த ஆள்தான் கதை. இது நானாகக் கண்டுபிடித்த முறை. வேறு யாராவது முன்னாலேயே கண்டுபிடித்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

இப்போது நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது.

இந்த மாதிரிப் பெரிய படங்களுக்குப் பயம் அதிகம். வெளிவருவதற்கு முன்னால் கதை கசிந்துவிடுமோ என்று. அதனால் எங்களுக்கு முழுப் படத்தைக் காட்ட மாட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றால் எதிரே திரை முழுக்க இருட்டு. நான் யாருக்குப் பேச வேண்டுமோ அந்த ஆளின் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். சுற்றிலும் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதற்குப் பேசுகிறான், ஒன்றும் தெரியாது. வாய் திறக்கும்போது நானும் திறப்பேன், மூடும்போது மூடுவேன். மிச்சத்தை நானேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். தூணை நான் முகமாகப் பார்த்ததே இல்லை சார். கீழுதட்டில் ஒரு பக்கம் சின்னத் தழும்பு உண்டு. அதை வைத்துத்தான் அடையாளம்.

அதோடு எழுதியும் வாங்கிக்கொள்வார்கள், படம் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று. நான் அதில் கறார். எந்தப் படம், என்ன வேஷம் என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டேன். வசுமதியையும் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறேன். அவளும் அவ்வப்போது குரல் கொடுக்கப் போவாள். என்னைப் போல இல்லை, கூட்டத்துக்கு. தெருவில் ஜனங்கள் அலறி ஓடுவார்கள் அல்லவா, அந்த அலறலுக்கு நாலைந்து பேரை ஒன்றாக நிற்க வைத்துக் கத்தச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு இவளுக்கும் பொழுது போக வேண்டுமே. போவாள், தொண்டை கட்டிக்கொண்டு வருவாள், மிளகு போட்டு வெந்நீர் வைத்துக் குடிப்பாள். எங்கே போனாய் என்று நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். தூணுக்குப் படத்தில் வசனம் குறைவு. அதில் முக்கியமானது ஒன்றே ஒன்று. “நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

வட்டத்துக்குள் அந்த வாயைப் பார்த்தேன். முதலில் கொஞ்சம் நடுங்கியது. அப்புறம் பேசியது. எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. ஐந்து பேரையும் தப்பிக்க விட்டுவிட்டு இவன் சாகப்போகிறான். அந்த நடுக்கம் அதுதான். வயிற்றிலிருந்து எடுத்துப் பேசினேன் சார். கடைசிச் சொல்லில் குரல் தானாக உடைந்தது. எங்கள் தமிழ் வசனங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் பிரமிளா மேடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தடவை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பேச முடியவில்லை அவருக்கு. எனக்கே கண் கலங்கிவிட்டது.

படம் வந்த அன்றைக்கே டிக்கெட் எடுத்தோம். என் மைத்துனன் இளங்கோவும் அவன் மனைவி கீதாவும் ஆற்காட்டிலிருந்து இதற்காகவே வந்தார்கள். அவர்கள் அப்படி வந்ததில்லை. கரடிக்கு வரவில்லை, பாதிரியாருக்கு வரவில்லை. அக்கா கட்டாயம் வரச் சொன்னாள் என்றார்கள். எனக்குத் தெரியாமலேயே வசுமதி செய்த ஏற்பாடு. பரவாயில்லையே, புருஷனுடைய வேலையை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று இப்போதாவது தோன்றியதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. திரையில் இப்போது இருட்டு இல்லை, எல்லாமே தெரிகிறது. ஒரு பாலம். அதை வில்லன் இழுத்துக்கொண்டிருக்கிறான். ஆறு பேரும் ஒரு பறக்கும் வண்டியில் ஏறுகிறார்கள். ஐந்து பேர் ஏறும்வரை வண்டி எழும்புகிறது. தூண் ஏறியதும் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஒளியன் எதையோ அழுத்திப் பார்க்கிறான். வண்டி முக்குகிறது. ஐந்து பேரும் மெதுவாகத் திரும்பித் தூணைப் பார்க்கிறார்கள். தூண் தன் வயிற்றைப் பார்க்கிறான். உதடு நடுங்குகிறது. கீழே இறங்குகிறான். இறங்கி, “நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

தியேட்டர் சிரித்தது சார்.

நீங்களும்தான் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஒருத்தன் என் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்கிறான். பக்கத்தில் திரும்பினால் வசுமதியும் சிரிக்கிறாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. மற்றவர்கள் சிரித்தது ஒரு பக்கம். இவள் என்னோடு இத்தனை வருடம் இருந்தவள். எந்த மூச்சை எங்கிருந்து எடுக்கிறேன் என்று தெரிந்தவள்.

அதற்கப்புறம் வந்ததுதான் கதையின் அச்சாணி. அதைச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து பேரும் போய்ச் சண்டை போடுகிறார்கள், வில்லன் ஓய்ந்து விழுகிறான், எல்லாரும் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கடையோரம் உட்கார்ந்து ஏதோ சாப்பிடுகிறார்கள். ஜனங்கள் சுற்றி நின்று கை தட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அவள் மட்டும் கை தட்டவில்லை. ஐந்து பேரையும் எண்ணுகிற மாதிரிப் பார்க்கிறாள். அப்புறம் கேட்கிறாள். “அவர் இன்னும் வரலையே.”

கடையில் சத்தம் நின்றுவிடுகிறது. ஐந்து பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். மறந்துவிட்டார்கள் சார், அவனை. அந்தப் பாலத்தில் அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவன் நிற்பதால்தான் நகரமே சரியாமல் இருக்கிறது, வில்லன் ஓய்ந்ததும் அதனால்தான், இவர்களுடைய வெளிச்சத்தால் இல்லை. இதெல்லாம் அப்புறம் தெரியவருகிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் படம் அந்தக் கடையிலேயே முடிந்திருக்கும்.

இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது, தெரியுமா? நம் ஊரில் படத்தை ஓட்டுகிறவர் தனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவார். அன்றைக்கு அவர் நிறுத்தியது சரியாக அந்த இடத்தில். “அவர் இன்னும் வரலையே.” விளக்குப் போட்டாகிவிட்டது. அந்த மனிதருக்குக் கதை தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குச் சற்று முன்னால், அந்தப் பெண் திரையில் வரும்போதே, வசுமதி என் கையைப் பிடித்தாள். இறுக்கமாக. நல்ல கூத்து இது, சிரிப்பதையும் சிரித்துவிட்டு ஆறுதல் வேறு. நான் கையை எடுத்துக்கொண்டேன். விளக்கு வந்ததும் பார்த்தால் கீதா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இளங்கோ முன்னால் குனிந்து, என்னைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரிய, “எப்படி மாமா?” என்கிறான். வசுமதி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். எழுந்து வெளியே போய், மணி அடிக்கும்வரை சுவரில் ஒட்டியிருந்த அடுத்த படத்து விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காவேரிப்பாக்கம் தாண்டிவிட்டதா? ஏரி நிரம்பியிருக்கிறதாம், கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

அதிலிருந்து வீட்டில் நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். பொறுமையாக விளக்கினேன். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. சாப்பிட உட்காரும்போது டம்ளர்களை வரிசையாக வைத்து, இது ஒளியன், இது நிழலி, இவை இரட்டையர் என்று காட்டுவேன். செவியருக்கு மோர்க் கிண்ணம். தூணுக்குத் தண்ணீர்ச் சொம்பு. அந்தக் கூட்டத்துப் பெண்ணுக்கு எதுவும் மிச்சமில்லை, தட்டிலிருந்த கறிவேப்பிலை ஒன்றை எடுத்து வைப்பேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். ஒளியனை எடு, கதை நிற்கிறது. நிழலியை எடு, நிற்கிறது. ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரட்டையர் இரண்டு பேரையும் எடுத்துப்போய் வசுமதி கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அப்போதும் நின்றது. சொம்பை எடு, விழுந்துவிடும். கறிவேப்பிலையை எடு, அதுவும் விழுந்துவிடும். பார்த்தாயா, ஒரே ஒரு வரி பேசுகிறவள், பெயர்கூடக் கிடையாது, அவள் இல்லாவிட்டால் தூணே இல்லை என்பேன். நான் நியாயமாகத்தான் பேசினேன் சார். தூணை மட்டும் தூக்கிப் பேசவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் வரும் இடத்தில் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். புரிந்துகொண்டு வருகிறாள் என்று நினைப்பேன். அப்புறம் எழுந்து போய்விடுவாள்.

ஒரே ஒரு தடவை ஒரு கேள்வி கேட்டாள். “அந்தப் பொம்பள குரல் எப்படி இருந்துச்சு?”

முதல்முறையாகத் தொழில் சம்பந்தமாகக் கேட்கிறாள். நானும் தொழில் முறையில்தான் பதில் சொன்னேன். பரவாயில்லை, வரியின் எடை தெரிந்து பேசியிருக்கிறாள், ஆனால் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டாள், வரலையே என்று முழுசாக விழவில்லை, யே காற்றில் போய்விட்டது, யாரோ புதுசு போலிருக்கிறது, இவ்வளவு முக்கியமான இடத்தைப் பழக்கமில்லாதவர்களிடம் கொடுக்கக் கூடாது என்றேன்.

வசுமதி அந்தக் கறிவேப்பிலையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பையோடு நிற்கிறாள். கொஞ்ச நாள் இளங்கோ வீட்டில் இருக்கிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். “இந்த வீட்ல ஏற்கெனவே ஆறு பேர் இருக்கீங்க. நான் வேற எதுக்கு” என்றாள். வீடு சின்னது என்பது வாஸ்தவம்தான். ஆனால் அவள் சொன்னது அதற்காக இல்லை என்று எனக்கும் தெரியும். யோசித்துப் பார்த்தேன். சிரித்ததற்கு வெட்கம். நான் விளக்க விளக்க அந்த வெட்கம் கூடியிருக்கிறது. நேராகச் சொல்ல முடியாமல் கிளம்பிவிட்டாள். வேறு காரணம் என்ன இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் ஏன் சார் இப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, இதையும் கேளுங்கள். வீட்டில் தனியாக இருந்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நான்தான் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று. டம்ளர்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, எடுத்து வைத்துப் பேச ஆளில்லை. நேரே பிரமிளா மேடத்திடம் போனேன். அது சிரிக்கிற இடமா இல்லையா, ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்கிற இடம்தான் என்றார். “அப்படீன்னா முன்னாடியே ஏன் மேடம் சொல்லல?” என்றேன். “சொல்லியிருந்தா நீங்க சிரிக்க வைக்கப் பார்த்திருப்பீங்க பரசு சார். நீங்க நெஜமா அழுதீங்க பாருங்க, அதான் சிரிப்பு வந்துச்சு” என்றார். பாராட்டா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது போகிற போக்கில் கேட்டேன், கூட்டத்தில் வருகிற அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது யார், புதுசா என்று. மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நெஜமாவே தெரியலையா?” என்றார். தெரியவில்லை என்றேன். “புதுசெல்லாம் இல்ல. ரொம்ப வருஷமா கூட்டத்துல நின்னவங்க. தனியா ஒரு வரி கிடைச்சது இதான் மொதல் தடவை” என்றார். யார் என்று மறுபடியும் கேட்டேன். அவங்களே சொல்லட்டும் சார் என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். அவங்களே எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே. கூட்டத்தில் நிற்கிறவர்கள் பெயரைப் படத்தில் போடுவதும் கிடையாது.

முத்துக்கடை வந்துவிட்டது. இனிமேல் பாலம்தான், தாண்டினால் ஆற்காடு. இங்கே பாருங்கள், பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. நான் இந்த ஊரில் பெண் எடுத்த நாளாக மணலைத்தான் பார்த்திருக்கிறேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

ம். ம். பாலத்து மேலதான் இருக்கேன். நல்ல மழை. இல்ல, நனையல. நீ ஏன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த, நானே வந்திருப்பேனே. கீதாவும் வந்திருக்காளா? சரி. சரி, வெச்சிடு.

மழையில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார்களாம். வெச்சிடு என்று சொன்னேன், அவள் வைக்கவில்லை. என்னவோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீதா கேட்கிறாள், அண்ணன் வந்துட்டாரா என்று. இவள்

ஒரு நிமிஷம் சார்.

இல்லை, ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா நீங்கள்? கேட்டிருக்காது, நான் காதில் வைத்திருந்தேன். கீதா கேட்டாள், இவள் பதில் சொன்னாள். “அவர் இன்னும் வரலையே.” அவ்வளவுதான் சொன்னாள். யே விழவில்லை. காற்றில் போய்விட்டது.

வெளியில் மழைச் சத்தம், பஸ் ஹாரன், கூட்டம். அதற்கு நடுவில் இருந்து வந்தது. வீட்டில் அவள் குரல் வேறு சார். வீட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து அவள் பேசியதே இல்லை.

தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள். மிளகு போட்டு வெந்நீர் குடித்தாள். எழுதிக் கொடுத்திருப்பாள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. நான்தானே பழக்கினேன். தம்பியை வரச் சொன்னாள். கையைப் பிடித்தாள்.

அந்தக் கையை நான்

இருங்கள். இல்லை, தண்ணீர் வேண்டாம்.

நீங்கள் எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்? கறிவேப்பிலை வைத்தபோதா? அதற்கும் முன்னாலேயேவா. அப்புறம் ஏன் சார் சொல்லவில்லை? சரி, நான் எங்கே சொல்ல விட்டேன்.

ஆற்காடு என்று கூப்பிடுகிறார். கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள், நான் இந்தப் பக்கமாக வந்துவிடுகிறேன். இல்லை, ஒரு வினாடி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். அதோ நிற்கிறாள் பாருங்கள், அந்தப் பூக்கடைப் பக்கம், கறுப்புக் குடை. கையில் பை இருக்கிறதா என்று தெரியவில்லை, கீதா மறைக்கிறாள். இந்த பஸ்ஸில்தான் இருக்கிறேன் என்று பார்த்துவிட்டாள்.

வாய் அசைகிறது. என்னைப் பார்த்துத்தான் ஏதோ சொல்கிறாள். கண்ணாடி மூடியிருக்கிறது, சத்தம் வரவில்லை.

என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை சார். இறங்கிப் போய்க் கேட்கிறேன்.